பாட்டு வேறு, துறை வேறு

1

கவிதையும் விமர்சனமும் வரும் பக்கங்களில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனால் ஒரு வருஷமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் ஒரு விஷயம், எப்படித் திருப்பிப் பார்த்தாலும், விமர்சகனின் பழைய பிரச்னையாகவே வந்து நிற்கிறது. இன்னொருவர் அனுபவத்தின் மேல் ஒரு பெயரை ஒட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? ஒட்டிய பெயருக்காக நாம் யாரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்?

போன வருஷம், வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பாரி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருவர் விளாங்குடிக்கு என்னைத் தேடி வந்தார். அவரிடம் 41 வீடியோக்கள் இருந்தன. பரவை, சமயநல்லூர், விளாங்குடிச் சாவு வீடுகளில் அனுமதி கேட்டு அவரே எடுத்தவை பாதி. யூடியூபிலிருந்தும் டிக்டாக்கிலிருந்தும் இறக்கி வைத்துக்கொண்டவை மீதி. பேச்சை எழுத்தில் இறக்கித் தர இந்தப் பக்கத்துக் காது வேண்டும் என்றார். நிமிஷக் கணக்கில் கூலி. இதற்கு முன்பும் இரண்டு மூன்று ஆராய்ச்சிகளுக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார்: "சார், இதையெல்லாம் எதுல போட்டு வேலை செய்யலாம்?" அவருடைய துறை ஒரு மென்பொருளுக்குப் பணம் கட்டி வைத்திருந்தது. நெறியாளர் அதையே பயன்படுத்தச் சொன்னார். இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. எது வசதி, எதில் தமிழ் உடையாமல் வரும், எதில் வீடியோ சிக்காமல் ஓடும் என்பதுதான் அவர் கேட்டதன் பொருள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், மூன்றாம் நாள்வரை.

மூன்றாம் நாள் திறந்த வீடியோ 58 வினாடி. டிக்டாக்கில் வந்தது, 2019இல் இறக்கியது. ஒரு திண்ணை, பந்தல் கால், ஐஸ் பெட்டி, அதன் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழும் ஒரு பெண். திண்ணை எங்கள் தெருவில் இருப்பது. பெண், பரவை மார்க்கெட்டில் காய் எடுத்து வந்து விற்பவர். நான் பல வருஷம் அவரிடம் கத்தரிக்காய் வாங்கியிருக்கிறேன். பெட்டிக்குள் இருந்தவர் அவருடைய அண்ணன்.

கோப்பின் பெயர் ஓர் எண். அதன் கீழே, குறி இடுவதற்கான கட்டம் காலியாகக் காத்திருந்தது.

2

குறி இடுவது என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். சமூகவியலில் எண்ணிக்கை சாராத ஆய்வு செய்பவர்கள், பேட்டியோ வீடியோவோ எதுவானாலும், அதைத் துண்டு துண்டாகப் பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொல்லை ஒட்டுகிறார்கள்: 'குற்றச்சாட்டு', 'தன்னிரக்கம்', 'சடங்கு'. பிறகு ஒரே சொல் ஒட்டிய துண்டுகளை ஓரிடத்தில் கூட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு கருத்து எழும் என்பது நம்பிக்கை. இந்த முறைக்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட புத்தகம். அதற்கு முந்தைய அவர்களுடைய ஆய்வு எதைப் பற்றியது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது: சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ஆஸ்பத்திரிகளில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றியது, தான் சாகப்போவது நோயாளிக்குத் தெரியுமா, தெரிந்ததை அவரும் சுற்றியிருப்பவர்களும் எப்படி மறைத்துக்கொள்கிறார்கள் என்பது பற்றியது. இந்த முறை பிறந்ததே மரணப் படுக்கையின் பக்கத்தில்தான்.

அப்போது கருவி என்பது கத்தரிக்கோலும் பசையும் அட்டைகளும். தட்டச்சுப் பிரதியை வெட்டி உறைகளில் பிரித்துப் போடுவார்கள். 1981 வாக்கில் மெல்பர்னின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் லின் ரிச்சர்ட்ஸ் என்ற சமூகவியலாளரும் அவர் கணவர் டாம் ரிச்சர்ட்ஸும் இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். நகர விளிம்பில் புதிதாக முளைத்த ஒரு குடியிருப்பைப் பற்றிய ஆய்வுக் குறிப்புகள் லின் கையில் மலைபோல் குவிந்திருந்தன. 2011வரை தனிப் பேரூராட்சியாக இருந்து மாநகராட்சிக்குள் இழுக்கப்பட்ட விளாங்குடியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது ஒரு நெருக்கம் தோன்றுகிறது. அவர்களுடைய மென்பொருளின் நீண்ட பெயரை விரித்தால், எண்ணல்லாத, கட்டமைப்பற்ற தரவுகளை அட்டவணையிட்டுத் தேடிக் கோட்பாடாக்குவது என்று அர்த்தம் வரும். அது 1999இல் என்வீவோ ஆனது. இதற்கிடையில் 1989இல் பெர்லினில் ஒரு பல்கலைக்கழகத் திட்டமாக அட்லஸ்.டி.ஐ தொடங்கியது. அதே ஆண்டு ஜெர்மனியிலேயே இன்னொன்று. அது இன்று மேக்ஸ்க்யூடிஏ. பல்கலைக்கழகங்களில் பிறந்த இவை வியாபாரப் பொருள்களாயின. 2024இல் என்வீவோவை வைத்திருக்கும் லூமிவெரோ நிறுவனமே அட்லஸ்.டி.ஐயையும் வாங்கிக்கொண்டது.

'கட்டமைப்பற்ற தரவு' என்ற சொல்லைப் பாருங்கள். அட்டவணையில் உட்காராத எதற்கும் துறையினர் இட்ட பொதுப்பெயர் அது. ஒப்பாரியும் அதில் அடங்குகிறது. தலைமாட்டில் யார் உட்காரலாம், எந்த உறவுக்காரி வாசலில் நுழையும்போது எந்த இடத்தில் குரலை எடுக்க வேண்டும், அண்ணனை எந்தெந்த மரமாகவும் எந்தெந்த நகையாகவும் சொல்லலாம், எந்த வரியில் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள் என்பதெல்லாம் பிசகாமல் நடக்கிற ஒன்றை, கட்டமைப்பற்றது என்கிறோம். கட்டமைப்பு அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

3

துறை பணம் கட்டியிருந்த மென்பொருளில் முதலில் தானியங்கி எழுத்தாக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். வீடியோவைக் கொடுத்தால் அதுவே கேட்டுத் தமிழில் எழுதிவிடும். வேகம் ஆச்சரியமானது. அழுகைக்கு நடுவே அந்த அக்கா, பாட்டை விட்டுவிட்டுச் சட்டென்று பேச்சுக்கு வருகிறார். கடன் கொடுத்தவர்களைப் பற்றிய பேச்சு: "வந்தாய்ங்க, பார்த்தாய்ங்க, போயிட்டாய்ங்க." எந்திரம் எழுதியது: வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

பிழை என்று இதைச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வாத்தியார் இதைத்தான் திருத்தமான தமிழ் என்பார். ஆனால் மதுரைக்காரனுக்குத் தெரியும், 'ஆய்ங்க'வில் இருப்பது என்ன என்று. ஆள் வந்த மரியாதையை அந்த விகுதி எடுத்துவிடுகிறது. அண்ணன் உயிரோடிருந்தபோது அந்தப் பெண் அவர்களை அவர்கள் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லியிருக்க முடியாது. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்த ஒரு காரணத்தால் ஊருக்கு முன்னால் சொல்ல முடிகிறது. ஒப்பாரி அவருக்குக் கொடுத்த அந்த ஓர் உரிமையை எந்திரம் இரண்டு வினாடியில் திருத்தி, கடன்காரர்களுக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இந்த எழுத்தின் மேல் நான் 'குற்றச்சாட்டு' என்று குறி இட்டிருந்தால், பின்னால் படிப்பவர், குற்றச்சாட்டுகூட எவ்வளவு பணிவாக வருகிறது என்று ஒரு கோட்பாடு கட்டியிருப்பார்.

பிறகு சொல் எண்ணிக்கை. அடிக்கடி வரும் சொற்களை எண்ணிப் பெரிதும் சிறிதுமாகக் காட்டும் வசதி அதில் உண்டு. தமிழில் சொல் வேற்றுமை ஏறி வடிவம் மாறும் என்பது அதற்குத் தெரியவில்லை. அண்ணே, அண்ணனுக்கு, அண்ணங்கிட்ட, அண்ணனைய என்று ஒவ்வொன்றும் அதற்குத் தனிச் சொல். ஒவ்வொன்றும் ஓரிரு முறைதான் வருகிறது. ஆகவே, யாரைப் பற்றிய அழுகையோ அவர் பட்டியலில் மேலே வரவே இல்லை. 'இல்ல' என்ற சொல் வந்தது. தற்செயலாக அதாவது பொருந்தியது.

எந்திரம் மட்டும்தான் இப்படிச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டால் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அச்சும் ஒரு கருவிதான். 1970களின் தொடக்கத்தில் நா. வானமாமலை கதைப்பாடல்களைப் பதிப்பித்தார்; மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவற்றில் ஒன்று முத்துப்பட்டன் கதை. பிராமணனான பட்டன், சக்கிலியப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, அந்தக் குடும்பத்தோடேயே சேர்ந்து, அவர்கள் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். அச்சில் வந்த பிரதிகளில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்றும், காட்டில் விடப்பட்டு எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்றும் ஒரு முன்கதை வந்து ஒட்டிக்கொண்டது. அது பிற்காலத்து ஒட்டு என்று நா.வா. வாதிட்டார். ஒட்டியவர் யாரோ, அவரும் ஒரு குறிதான் இட்டார்: 'சாதி மீறல்' என்ற இடத்தில் 'சாதி மீறல் போன்ற தோற்றம்' என்று. ஆனால் நா.வா.வுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஒட்டுக்கு அடியில் பாட்டு இருந்தது. பாடுகிறவர்கள் இருந்தார்கள். திரும்பிப் போய்க் கேட்க முடிந்தது.

நான் பிடித்துக்கொண்ட நூல் இதுதான்: திரும்பிப் போக வழி இருக்கிறதா?

4

நமக்குக் குறி இடுவது புதிதும் அல்ல, அந்நியமும் அல்ல. புறநானூற்றுப் பாட்டுகளுக்குக் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று தொகுத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியதாக உள்ள பாட்டுக்குத் திணை பொதுவியல், துறை கையறுநிலை. இரண்டு சொல்லில் ஒரு சாவு. ஒப்பாரிக்கு நம்மிடம் ஈராயிரம் வருஷத்துக் குறி ஒன்று தயாராக இருக்கிறது.

ஆனால் அந்த ஏற்பாட்டை உற்றுப் பார்த்தால், இன்றைய மென்பொருளில் இல்லாத ஒரு நேர்மை அதில் இருக்கிறது. துறை பாட்டுக்குள் நுழைவதில்லை. பாட்டு முடிந்த பிறகு, வெளியே, வேறு குரலில் நிற்கிறது. அதனால்தான் பின்னால் வந்தவர் சண்டை போட முடிந்தது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், தொகுத்தவர்கள் ஒரு துறை தந்த பாட்டை வேறொரு துறைக்கு உதாரணமாகத் தூக்கிக் காட்டுகிறார். துறை மாறினாலும் பாட்டில் ஓர் எழுத்து அசைவதில்லை. இன்னும் ஒரு படி மேலே: சில பாட்டுகளுக்குத் திணையும் துறையும் தெரியவில்லை. ஏடு சிதைந்து குறி போய்விட்டது. பாட்டு மட்டும் நிற்கிறது. நின்றால் போதும், படிக்கிறவன் பார்த்துக்கொள்வான். 267, 268 ஆகிய இரண்டு எண்களில் பாட்டே இல்லை. அங்கே யாரும் எதையும் நிரப்பவில்லை. எண்ணைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள்.

இதை வைத்துக்கொண்டு மென்பொருள்களைத் திரும்பப் பார்த்தேன். வீடியோ ஒரு பக்கமும் அதன் மேல் நாம் எழுதுவது வேறு பக்கமும் தனித்தனிக் கோப்பாக இருக்கின்றனவா? எழுதியது எந்தக் கம்பெனியும் இல்லாமல் போனாலும், பத்து வருஷம் கழித்து, ஒரு சாதாரண எழுத்துக்கோப்பாகத் திறக்குமா? வீடியோ நம் மேஜையில் இருக்கிறதா, யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போகிறதா? 2023 முதல் முன்னணி மென்பொருள்கள் குறி இடும் வேலையையே செயற்கை நுண்ணறிவிடம் விடும் வசதியைச் சேர்த்துவிட்டன. அந்தப் பொத்தானை அழுத்தினால் சாவு வீட்டுப் பேச்சு எந்த ஊருக்குப் போய் எந்த எந்திரத்தின் வழியாகத் திரும்பி வருகிறது?

நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்ற கருவியைப் பெண்ணிடம் சொன்னேன். மொழியியல்காரர்கள், அழிந்துவரும் மொழிகளைப் பதிவு செய்பவர்கள், சைகை மொழி ஆய்பவர்கள் பயன்படுத்துவது. இலவசம். வீடியோவை அது தொடுவதில்லை. பக்கத்தில் தனியாக ஒரு கோப்பு எழுதுகிறது, எவரும் திறந்து படிக்கக்கூடிய வடிவில். காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. அதன் கீழே எத்தனை வரிசை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்: ஒரு வரிசையில் அக்காவின் பாட்டு, அடுத்ததில் சேர்ந்து அழுகிற பெண்கள், அடுத்ததில் வெளியே ஒலிக்கும் பறை, அடுத்ததில் கை. சாவு வீட்டில் எதுவும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை. தட்டச்சுப் பிரதியில் ஒருத்தி பேசி முடித்த பிறகுதான் இன்னொருத்தி பேச முடியும். இங்கே ஒரே கணத்தில் நான்கு வரிசையும் அசைகின்றன. மெதுவான, அழகற்ற கருவி. கோட்பாடு கட்ட அது உதவுவதில்லை. அடிக்கடி வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டி யாரையும் மகிழ்விப்பதும் இல்லை.

பெண்ணுக்குச் சங்கடம். "இதுல போட்டா அனாலிசிஸ் எங்க சார்னு கைடு கேப்பாங்க" என்றார். நியாயமான பயம்.

5

அந்த 58 வினாடிக்கு வருகிறேன். மற்றவற்றை எழுதி முடித்தும் அதில் ஒரு நான்கு வினாடி எனக்குப் பிடிபடவில்லை. மார் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே இரண்டு அசை. வேகத்தைக் குறைத்தும் கேட்டேன். சொல்லாகத் தெரியவில்லை. ஒப்பாரியில் இழுவைக்காக வரும் ஒலிகள் உண்டு. அதில் ஒன்று என்று முடிவு செய்து, துறையின் மென்பொருளில் இருந்த பட்டியலிலிருந்து ஒரு குறியை எடுத்து ஒட்டினேன்: 'பொருளற்ற ஒலி.' குறி இடாமல் ஒரு துண்டை விட்டுவைக்க அந்த மென்பொருள் விடவில்லை. குறி இல்லாத துண்டு அதன் கணக்கில் துண்டே அல்ல.

ஒட்டிய பிறகு தூக்கம் கெட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். மறுநாள் காலை அந்த அக்காவைத் தெருவில் பார்த்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் அனுமதி கேட்டோமா? கேட்கவில்லை. பெண்ணுடைய பல்கலைக்கழகத்தின் நெறிக்குழு, நேரில் எடுத்த வீடியோக்களுக்குக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருந்தது; வலையில் உள்ளவை ஏற்கெனவே பொதுவில் இருப்பதால் தேவையில்லை என்று எழுதியிருந்தது. சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கமே பேசுகிறது. 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்துகிறது. ஆராய்ச்சிக்கும் நிபந்தனையோடு விலக்குத் தருகிறது. ஆனால் 'தானே' என்ற சொல் இருக்கிறதே. இந்த வீடியோவை எடுத்துப் போட்டது அந்த அக்கா இல்லை. அக்காவின் மருமகன் முறையுள்ள ஒரு பையன். அழுதுகொண்டிருந்தவருக்கு அந்த நேரத்தில் போன் தெரிந்திருக்காது.

டிக்டாக்கில் அது எப்படித் திரிந்தது என்பதும் பெண்ணின் சேமிப்பில் இருந்தது. இதயங்கள், 'செம அழுகை' என்ற பின்னூட்டம், ஒருவர் தன் முகத்தைப் பக்கத்தில் வைத்து அதே குரலுக்கு வாயசைத்துச் சிரித்திருந்தார். அந்த 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தச் செயலிக்குத் தடை விதிக்கச் சொல்லி, அதே மாதத்தில் விலக்கியும் கொண்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அது ஒரேயடியாகப் போயிற்று. கேலி போனது. கேலியோடு அழுகையும் போனது. பையன் போனை மாற்றிவிட்டான். எனக்குத் தெரிந்து, அந்த 58 வினாடி இப்போது உலகத்தில் இருப்பது ஓர் ஆராய்ச்சி மாணவியின் ஹார்ட் டிஸ்கில். இழப்பைப் பாடிய பாட்டு, இழந்தவரிடம் இல்லை.

பெண்ணிடம் பேசி, ஒரு மத்தியானம், மார்க்கெட் வேலை முடிந்து அக்கா திரும்பிய பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். "போடுங்க" என்றார். இரண்டு முறை பார்த்தார். அழவில்லை. தன் முகத்தைவிட, பின்னால் பந்தலுக்கடியில் யார் யார் நிற்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருவர் இப்போது இல்லை.

நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "போயிட்டாய்ங்க" வந்த இடத்தில் தலையை ஆட்டினார். நான்கு வினாடி இடத்தில் நிறுத்தி, "இது விளங்கலைக்கா" என்றேன்.

"அதுவா. அது பேரு தம்பி."

"யார் பேரு?"

"எங்கப்பா அவனைக் கூப்புடுற பேரு. வீட்டுக்குள்ள மட்டுந்தான்."

கொஞ்ச நேரம் கழித்து, "எழுதலாமாக்கா?" என்று கேட்டேன்.

"எழுத வேணாம்." பிறகு, நான் மூடப் போகும்போது, "அழிச்சுராதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

பேரன் போனில் ஒரு பிரதி ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவன் மறுபடியும் எங்கேயாவது போட்டுவிடுவானாம். "உங்ககிட்டயே இருக்கட்டும்."

6

ஒப்பாரி பாடுகிறவள் செத்தவருக்காக அழுவதில்லை, தன் கதைக்காக அழுகிறாள் என்பது இஸபெல் கிளார்க்-தெசே தமிழ்நாட்டு ஒப்பாரியைப் பற்றி 2005இல் வெளியிட்ட புத்தகத்தின் வாதம். புத்தகத்தின் தலைப்பே அதைச் சொல்கிறது. மதிக்க வேண்டிய வாதம். நான் எழுதி இறக்கிய பலவற்றுக்கு அது பொருந்தவும் செய்கிறது. அந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த 58 வினாடிக்குக் குறி இட்டிருந்தால் 'தன்னிரக்கம்' என்று 40 வினாடிக்குமேல் ஒட்டியிருப்பேன். தப்பென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. நடுவில் நான்கு வினாடி மட்டும் அதற்குள் அடங்கவில்லை. அங்கே அவர் செத்தவரைக் கூப்பிட்டார். செத்தவரை மட்டும். நான் அதற்குத்தான் 'பொருளற்ற ஒலி' என்று பெயர் வைத்தேன்.

இதைக் கருவியின் குற்றமாக்கி நான் நழுவ முடியாது. பட்டியலிலிருந்து அந்தக் குறியைத் தேர்ந்த கை என்னுடையது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் குறியைச் சொடுக்கினால் வீடியோவின் அந்தக் கணத்துக்குப் போகலாம், வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனால் 41 வீடியோக்களின் குறிகள் அட்டவணையாக வந்து நின்ற பிறகு யார் சொடுக்குகிறார்கள்? அட்டவணை பார்க்க நிறைவாக இருக்கிறது. நிறைவாக இருப்பதால் திரும்பிப் போகத் தோன்றுவதில்லை. நல்ல கருவி என்று நான் கருதுவது, நம்மைத் திருப்தியடைய விடாமல் வைத்திருப்பதை.

இலவசக் கருவி என்பதாலேயே நெறி வந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எவரும் திறக்கக்கூடிய கோப்பை எவரும் திருடவும் கூடும். குறியைப் பாட்டிலிருந்து தனியே கழற்றலாம் என்றால், பாட்டைத் தனியே எடுத்துக்கொண்டு ஓடவும் வழி இருக்கிறது. பூட்டி வைக்கும் கருவிக்கு அந்த ஒரு நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பூட்டின் சாவி அந்த அக்காவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. வருஷா வருஷம் சந்தா கட்டுகிற வரை துறையிடம் இருக்கும். பிறகு, யார் யாரை வாங்குகிறார்களோ அவர்களிடம்.

நாம் கவிதைகளை என்ன செய்கிறோம் என்றும் யோசித்துக்கொள்ளலாம். 'இருண்மை' என்று ஒரு குறி நம்மிடம் இருக்கிறது. விளங்காத வரிமேல் அதை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எத்தனை வரிகளில் அது ஒரு வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயராக இருந்ததோ. கவிஞன் செத்துப்போனால் போய்க் கேட்கவும் முடியாது. கேட்க முடிந்த காலத்தில் கேட்டோமா என்பது வேறு விஷயம்.

பெண் ஈலானையே எடுத்துக்கொண்டார். கருவி பற்றி அவர் முதலில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதிலைவிட, அந்த மத்தியானம் நடந்ததை நான் விவரித்ததுதான் அவரை அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும். பாட்டு வரிசையில் அந்த நான்கு வினாடிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். தொடக்கமும் முடிவும் குறித்திருக்கிறது. உள்ளே எழுத்து இல்லை. காலிக் கட்டத்தை அந்தக் கருவி ஏற்றுக்கொள்கிறது. நெறியாளர் அதைப் பார்த்து, விட்டுப்போய்விட்டதா என்று கேட்டாராம். விட்டதில்லை, விட்டுவைத்தது என்று சொல்லியிருக்கிறார் பெண். ஆய்வேட்டில் அது எப்படி நிற்கப்போகிறது என்று இன்னும் தெரியவில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது வேறு. "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அவர் சொன்னதை நான் அப்போது ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன். இப்போது அது ஒரு வேலை என்று தெரிகிறது. அழிக்கக் கூடாது, எழுதக் கூடாது, யாருக்கும் அனுப்பக் கூடாது. ஹார்ட் டிஸ்க்குகள் நிரந்தரமானவை அல்ல. இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கும் வயதாகிறது. எனக்குப் பிறகு இந்தக் கோப்பைத் திறப்பவன் ஓர் எண்ணையும் 58 வினாடி அழுகையையும் பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தையும் பார்ப்பான். அந்தக் கட்டம் ஏன் காலி என்று அவனுக்குச் சொல்ல வேண்டும், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாது. இதற்கு எந்த மென்பொருளிலும் ஓர் ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.